நீண்ட எண்களைச் சமாளிக்கச் சில குறிப்புகள்

1. இலங்கை அடையாள அட்டையின் 12 இலக்கங்களை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள். 4, 3, 4, 1 என்று பிரித்துப் படியுங்கள். முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பின்வரும் நான்கு தொடரிலக்கம், கடைசியில் நிற்பது சரிபார்ப்பு இலக்கம். 1985572 என்று தொடங்கினால், 500 போக 72. அதில் ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29 கழித்தால் மிச்சம் 12. ஆக, 1985 மார்ச் 12இல் பிறந்த பெண். 1985 லீப் ஆண்டே இல்லையே என்பீர்கள். எந்த ஆண்டானாலும் இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு 29 நாள்தான். கலண்டரில் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பிழைத்துவிட்டது என்று ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு ஓட வேண்டாம்.

2. அம்மாவின் பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்துமா? முன்னால் 19 சேருங்கள், ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 போடுங்கள், எழுத்தை விட்டுவிடுங்கள். புதிய 12 இலக்கம் கிடைத்துவிடும்.

3. அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெயரை மறைத்தாலும் பிறந்த நாளை அந்த எண்ணே சொல்லிவிடும்.

4. கடைக் கொப்பியும் உங்கள் கணக்கும் ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றிப் போனால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 4,580ஐ 4,850 என்று எழுதினால் வித்தியாசம் 270, அதாவது 9 தடவை 30. மாதக் கடைசியில் முதலாளியோடு சண்டைக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள்.

5. பிஸ்கட் பெட்டியின் பார்கோடு 479இல் தொடங்கினால் அந்த எண் இலங்கையில் பதிவானது. பொருள் இங்கேதான் செய்தது என்று அதற்கு அர்த்தமில்லை. 13 இலக்கங்களையும் இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் விடை 0வில் முடிய வேண்டும். 4791234567891 என்று எழுதிப் பாருங்கள்: 130 வரும். பிள்ளைகளின் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு நல்ல பயிற்சி. ஓர் இலக்கம் பிழைத்தால் கட்டாயம் பிடிபடும். ஆனால் அடுத்தடுத்த 2உம் 7உம் இடம் மாறினால் தப்பிவிடும், ஏனென்றால் அவற்றின் வித்தியாசம் 5.

6. வங்கி அட்டையின் நீண்ட எண்ணிலும் இப்படியொரு காவல் உண்டு. ஐ.பி.எம். பொறியியலாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த முறை அது. இணையத்தில் பிழையாக அடித்தால் உடனே மறுப்பது அதனால்தான்.

7. கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ காணி பார்க்கிறீர்களா? பேர்ச் 850,000 என்று பலகையில் இருக்கும், தரகர் எட்டரை இலட்சம் என்பார். வலப்பக்கம் ஐந்து இலக்கங்களை மறைத்தால் எஞ்சுவது இலட்சம். 10 பேர்ச் 8,500,000. ஐந்தை மறைத்தால் 85. முற்பணம் கொடுக்குமுன் தொகையை எழுத்திலும் எழுதி வாங்குங்கள்.

8. வெளிநாட்டிலிருந்து கண்டி வீட்டு எண்ணுக்கு அழைப்பவர்களிடம் 081இன் 0வை விட்டு, 94 81 என்று தொடங்கச் சொல்லுங்கள்.