வனவியல் கல்வி: மீண்டும் காட்டுக்கா?

"காட்டை விட்டு வெளியேறத்தானே பிள்ளையைப் படிக்க வைக்கிறோம், படித்த பின் மீண்டும் காட்டுக்கா?" வனவியல் கல்வி பற்றித் தோட்டங்களில் பேசும்போது பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான், அதற்கு விடை கூறியே தொடங்குவோம்.

வனவள மேலாண்மை மரம் வெட்டும் தொழிலன்று. எந்த மரத்தை வெட்டலாம், எதனை விட்டுவைக்க வேண்டும், வெட்டிய இடம் எப்போது மீண்டும் தழைக்கும் என்று கணக்கிடும் அறிவியல் அது. தீபகற்ப மலேசியாவில் 1978இல் தேர்ந்தெடுத்து வெட்டும் முறை நடைமுறைக்கு வந்தது. வெட்டுவதற்கு முன்பே மரங்கள் அளவெடுக்கப்படுகின்றன. குறித்த பருமனை எட்டாதவை அடுத்த சுற்றுக்கு விடப்படுகின்றன. ஒரு சுற்று ஏறத்தாழ 30 ஆண்டு. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் காப்புக்காடுகளுக்கு அரணாக உள்ளது.

இக்கணக்கு நமக்குப் புதிதன்று. ரப்பர் மரம் 50 சென்டிமீட்டர் சுற்றளவை எட்டுமுன் கத்தி வைக்கலாகாது என்பதையும், பட்டை மீண்டும் வளர இடங்கொடுத்தே வெட்ட வேண்டும் என்பதையும் பால்வெட்டுத் தொழிலாளர் அறிவர். அதே பொறுமையைக் காடு முழுமைக்கும் விரித்துக் கற்பிப்பதே வனவியல்.

செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம், வேளாண் பல்கலைக்கழகமாக 1973இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே, வனவியல் அதன் மூன்று புலங்களுள் ஒன்றாக இருந்தது. சபா மலேசியப் பல்கலைக்கழகத்திலும் இக்கல்வி உண்டு. எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமா வழியாகப் பட்டப்படிப்பில் சேரலாம்.

கற்றவர்கள் வனத்துறையில் அதிகாரிகளாகவும், கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் ஆய்வாளர்களாகவும் பணியாற்றலாம். ஈயச் சுரங்கத்தால் பாழான நிலத்தில் மரம் நட்டு வளர்த்த கெப்போங் காடு, 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. மரத் தொழிற்சாலைகளிலும் வாய்ப்புண்டு. ஒரு காலத்தில் விறகாக எரிந்த ரப்பர் மரம், இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறுகிறது.

பணி எளிதன்று. மழை, அட்டை, மலையேற்றம், வீட்டைப் பிரிந்திருக்கும் நாட்கள் யாவும் உண்டு. பட்டம் பெற்ற அனைவருக்கும் உடனே வேலை கிடைக்கும் என்றும் நாம் கூறவில்லை. ஆயினும் இவ்வழி இருப்பதை அறியாமலே நம் பிள்ளைகள் அதனைக் கடந்து போவது தகாது.

நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களைக் கைவிடும் பிள்ளைக்கு இக்கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும். ஆகவே, பாடங்களைத் தெரிவு செய்யுமுன் பள்ளி ஆசிரியரைக் கண்டு பேசுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். காட்டுக்குக் கூலியாகச் செல்வது வேறு. காட்டைக் காக்கும் பொறுப்பேற்றுச் செல்வது வேறு.