இல்லமும் செய்தியே

நுழையும்முன்

நாளிதழைக் கையில் எடுத்தால் ஆட்சி மாற்றமும் போரும் வணிகமும் விளையாட்டும் முதலில் கண்ணில் படுகின்றன. ஓர் இல்லத்தில் நாள்தோறும் நிகழும் உழைப்புக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. பிள்ளை வளர்ப்பையும் வீட்டு வேலையையும் எழுதத்தக்க பொருளாகக் கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதியவர் அமெரிக்க இதழாளர் எர்மா பாம்பெக். அவரது வாழ்வையும் எழுத்துப் பணியையும் இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

இளமையும் எழுத்தார்வமும்

எர்மா பாம்பெக் 1927ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். டேட்டன் நகரில் வளர்ந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். தாய் வேலைக்குச் சென்று குடும்பத்தைக் காத்தார். பள்ளி இதழில் நகைச்சுவைப் பத்தி எழுதத் தொடங்கிய எர்மா, பதினைந்து வயதில் நகரின் நாளிதழ் ஒன்றில் செய்திப்படிகளை மேசைக்கு மேசை கொண்டுசெல்லும் சிறு பணியில் சேர்ந்தார். செய்தியறையின் பரபரப்பை அவர் முதலில் அறிந்தது அங்கேதான்.

கல்லூரி வாழ்க்கை அவருக்கு எளிதாக அமையவில்லை. முதலில் சேர்ந்த ஒகையோ பல்கலைக்கழகத்தில் அவருடைய எழுத்துக்கு வரவேற்பு இல்லை. கையில் இருந்த பணமும் கரைந்தது. ஊர் திரும்பியவர் வேலை செய்துகொண்டே டேட்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கிருந்த பேராசிரியர் ஒருவர், எழுதும் ஆற்றல் அவரிடம் உண்டு என்று உறுதியாகக் கூறினார். அச்சொல் அவருக்கு வாழ்நாள் முழுதும் ஊக்கம் தந்தது. 1949இல் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டில் பில் பாம்பெக்கை மணந்தார்.

இடைவெளியும் மீள்வருகையும்

பட்டம் பெற்றபின் டேட்டன் நாளிதழின் மகளிர் பகுதியில் எர்மா பணியாற்றினார். ‘ஆபரேஷன் டஸ்ட்ராக்’ என்னும் தலைப்பில் வீட்டு வேலைகளைப் பற்றி வேடிக்கையாக எழுதினார். குழந்தைப்பேறு அரிது என மருத்துவர்கள் கூறியதால் 1953இல் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து, பணியைவிட்டு விலகினார். பின்னர் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தனர். டேட்டனை அடுத்த சென்டர்வில் என்னும் புறநகரில் குடும்பம் குடியேறியது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்கள் வேகமாகப் பெருகிய காலம் அது. கணவர் நகருக்கு வேலைக்குச் செல்ல, மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதே நடுத்தரக் குடும்பத்தின் இலக்கணமாகக் கருதப்பட்டது. பளபளக்கும் தரையும் மாறாத புன்னகையும் உடைய இல்லத்தரசியையே விளம்பரங்கள் காட்டின. அப்படத்துக்கும் மெய்யான வாழ்வுக்கும் இடையே இருந்த தொலைவைப் பெட்டி ஃப்ரீடன் 1963இல் வெளியிட்ட நூலில் சினத்தோடு ஆராய்ந்தார். அதே தொலைவை எர்மா நகைச்சுவையால் அளந்தார்.

1964இல், முப்பத்தேழாம் வயதில், அவர் மீண்டும் எழுத முன்வந்தார். ‘கெட்டரிங்-ஓக்வுட் டைம்ஸ்’ என்னும் உள்ளூர் வார இதழ் வாய்ப்பளித்தது. ஒரு பத்திக்கு ஊதியம் மூன்று டாலர். படுக்கையறையில் கற்கட்டிகளின்மேல் பலகையை வைத்து அதையே எழுதுமேசையாக்கிக் கொண்டார். வீட்டு வேலைகளுக்கு இடையே கிடைத்த பொழுதே அவரது எழுத்துப் பொழுதானது.

ஓர் ஊரிலிருந்து நாடு முழுதும்

1965இல் ‘டேட்டன் ஜர்னல் ஹெரால்டு’ நாளிதழ் வாரம் இரண்டு பத்திகள் எழுத அவரை அழைத்தது. இரண்டுக்கும் சேர்த்து ஐம்பது டாலர் ஊதியம். சில வாரங்களிலேயே, ஒருவர் எழுதும் பத்தியைப் பல இதழ்களுக்கு வழங்கும் நிறுவனம் ஒன்று அவருடன் ஒப்பந்தம் செய்தது. முப்பத்தாறு நாளிதழ்களில் அவரது எழுத்து வரத் தொடங்கியது. காலப்போக்கில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 900 ஆக உயர்ந்தது. மூன்று கோடிப் பேர் அவருடைய வாசகராயினர். பத்தியின் பெயர் ‘அட் விட்ஸ் எண்ட்’. செய்வதறியாது திகைத்து நிற்றல் என்பது அதன் பொருள்.

நகைப்பின் இலக்கு

துவைக்கும் இயந்திரத்தில் இட்ட ஓர் இணைக் காலுறையில் ஒன்று மட்டும் காணாமற்போவது எங்ஙனம்? தேய்த்து முடிக்கும் முன்பே குவியும் துணி, உண்ணப்படாமல் குளிர்பெட்டியில் கிடக்கும் மீதி உணவு, ஓயாத பிள்ளைகளின் சண்டை ஆகியவையே அவர் கையாண்ட பொருள்கள். ஏறத்தாழ 450 சொற்களுக்குள் ஒரு சிறு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வார். அதைக் குறும்பாக மிகைப்படுத்துவார். முடிவில் படிப்பவரைத் தம் வீட்டை நினைத்துச் சிரிக்கச் செய்வார்.

குடும்பத்தைப் பற்றி எழுதுவோருக்கு ஓர் இடர் உண்டு. வீட்டாரின் குறைகளை ஊரறியச் சொல்லிப் புகழ் தேடிவிடலாம். எர்மாவின் நகைப்போ பெரிதும் அவரையே நோக்கியது. தோற்றுப்போகும் தாய், சமையலில் தடுமாறும் மனைவி, பொறுமை இழக்கும் பெண் எனத் தம்மையே கேலிப்பொருளாக்கினார். இதனால் படித்தவர் எவரும் தாழ்வுறவில்லை. தாம் மட்டுமே குறையுடையவர் என்று தனிமையில் வருந்திய தாய்மார்கள், தம்மைப் போன்றோர் பலர் உளர் என்று உணர்ந்தனர். எல்லாம் அறிந்தவராக அறிவுரை கூறாமல் உடன் உழல்பவராக நின்று பேசியதே அவருடைய எழுத்தின் வலிமை.

சிரிப்பு மட்டுமே அவர் அறிந்த சுவை அன்று. 1974ஆம் ஆண்டு அன்னையர் நாளுக்காக, கடவுள் தாயைப் படைக்கும் காட்சியைக் கற்பனை செய்து அவர் எழுதிய பத்தி இன்றளவும் பலராலும் விரும்பிப் படிக்கப்படுகிறது.

எழுத்திலிருந்து களத்துக்கு

பெண்களுக்குச் சட்டத்தில் சமவுரிமை வழங்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1972இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. எர்மா ஊர் ஊராகச் சென்று அதற்கு ஆதரவு திரட்டினார். இல்லத்தரசிகளின் அன்பைப் பெற்ற எழுத்தாளர் உரிமைப் போராட்டத்தில் இறங்கியது சிலருக்கு உவப்பாக இல்லை. எதிர்ப்பு எழுந்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. வீட்டில் உழைக்கும் பெண்ணை மதிப்பதும் அவளது உரிமைக்காகக் குரல் கொடுப்பதும் அவருக்கு ஒரே பணியாகவே இருந்தன. 1982இல் காலக்கெடு முடிந்தபோது 35 மாநிலங்களே ஒப்புதல் அளித்திருந்தன. அம்முயற்சி அன்று நிறைவேறாமற்போனது அவருக்குப் பெரும் வருத்தம் தந்தது.

துன்பத்தின் நடுவே

புற்றுநோயால் தாக்கப்பட்ட சிறார்களைச் சந்தித்து, அவர்களின் நம்பிக்கையையும் நகைச்சுவையையும் பற்றி 1989இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் வருவாயைப் புற்றுநோய் ஆய்வுக்கு அளித்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் அதே நோய் அவரையும் தாக்கியது. இளமையிலேயே கண்டறியப்பட்ட பரம்பரைச் சிறுநீரக நோயும் முற்றியது. அந்நோயை அவர் நெடுங்காலம் வெளியில் சொல்லவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தபோது, தம் புகழைப் பயன்படுத்தி மற்றவரை முந்திச்செல்ல அவர் விரும்பவில்லை. 1996 ஏப்ரல் தொடக்கத்தில் அறுவை மருத்துவம் நடந்தது. அம்மாதம் 22ஆம் நாள் தம் அறுபத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார். அவர் எழுதிய பத்திகள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை.

அவர் பயின்ற டேட்டன் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் எழுத்துப் பயிலரங்கு நடைபெற்று வருகிறது. மூன்று டாலருக்கு அவர் முதல் பத்தியை எழுதிய சென்டர்வில் வீடு, இன்று அமெரிக்காவின் வரலாற்றுச் சிறப்புமிக்க இடங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. ஒரு தாய் பிள்ளைகளை வளர்த்தார். அதை உண்மையாக எழுதினார்.

தெரிந்து தெளிவோம்

நாளிதழிலோ வார இதழிலோ ஒருவர் தம் பெயரில், குறித்த நாளில், குறித்த அளவில் தொடர்ந்து எழுதுவது பத்தி எனப்படும். செய்தி நிகழ்ந்ததை உரைக்கும். தலையங்கம் இதழின் கருத்தை உரைக்கும். பத்தி எழுதுபவரின் பார்வையை உரைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒருநாளில் யார் யார் என்னென்ன வேலைகளை எவ்வளவு நேரம் செய்கின்றனர் என்பதைக் குறித்து, வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் வீட்டில் நிகழ்ந்த வேடிக்கையான நிகழ்ச்சி ஒன்றை, எவர் மனமும் புண்படாதவாறு, பள்ளி இதழுக்கான பத்தியாக எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. ‘அட் விட்ஸ் எண்ட்’ என்பதன் பொருள் யாது?
2. செய்தி, தலையங்கம், பத்தி ஆகியவற்றை வேறுபடுத்துக.

சிறுவினா

1. எர்மா பாம்பெக்கின் நகைச்சுவை எவரையும் தாழ்வுறச் செய்யாமைக்குக் காரணம் என்ன?

நெடுவினா

1. இல்லத்து உழைப்பும் இதழியலுக்கு உரிய பொருளே என்பதை எர்மா பாம்பெக்கின் வாழ்வைக் கொண்டு நிறுவுக.