இதயத்தை நெருக்கும் நீர்

1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் மாபெரும் ஆய்வு தொடங்கிற்று. இன்று அணுபுரம் உள்ள பகுதியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு ஏமாற்றமளித்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை. அந்நோய் நுரையீரலோடு நிற்பதுமில்லை. சிலருக்கு இதயத்தையும் தாக்கும்.

இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? பொறுங்கள்.

இதயம் ஓர் இரட்டைச் சுவர் உறைக்குள் இருக்கிறது. சுவர்களுக்கிடையே 15 முதல் 50 மில்லிலிட்டர் நீர் உண்டு. உராய்வைக் குறைப்பது அதன் பணி. அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளிலிருந்து காசக் கிருமிகள் இங்கே பரவினால் உறை அழற்சியுற்று நீர் பெருகும். மெல்லப் பெருகினால் உறை தளர்ந்து ஒரு லிட்டருக்கும் இடம் தரும். விரைந்து பெருகினாலோ 200 மில்லிலிட்டரே உயிரைக் குடிக்கலாம். உறை ரப்பர் பலூன் அன்று. முரட்டுத் துணிப்பை போன்றது. சட்டென இழுபடாது.

இதயம் சுருங்குமுன் விரிந்து நிரம்ப வேண்டுமல்லவா? நிரப்ப வரும் சிரை இரத்தத்தின் அழுத்தம் மிகக் குறைவு. வெளிநீரின் அழுத்தம் அதை எட்டியதும் இரத்தம் உள்ளே நுழையத் திணறும். பம்பில் பழுதில்லை, பம்புக்குத் தண்ணீர் வரவில்லை! கழுத்துச் சிரைகள் புடைக்கும்; மூச்சிழுக்கையில் நாடி தளரும்; எக்ஸ்ரே படத்தில் இதயம் பானைபோல் தெரியும்.

ஊசியால் நீரை வாங்கியதும் இரத்த அழுத்தம் மீளும். கிருமிகளை ஒழிக்கவோ ஆறு மாத மருந்து வேண்டும். அதன் பின்னும் சிலருக்கு உறை தழும்பேறி ஓடுபோல் இறுகிவிடும். அப்போது உறையையே அறுத்து உரித்தெடுக்கிறார்கள்.