ஆட்டிசமுள்ள மாணவனும் உயர்நிலைப் பள்ளியும்



சென்ற ஆனி மாதம் ஒரு தாயார் என்னிடம் வந்து கண்ணீர் விட்டார். ஐந்தாம் வகுப்புவரை ஒரே ஆசிரியையிடம் அமைதியாய்ப் படித்த அவர் மகன், ஆறாம் வகுப்பில் மணிக்கொரு ஆசிரியர் வரக்கண்டு காதைப் பொத்திக்கொண்டு அலறினானாம். “பிடிவாதக்காரன், வேறு பள்ளி பாருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். இது பிடிவாதந்தானா?

வினா: ஆட்டிசம் என்பது என்ன?

விடை: மூளை வளரும் விதத்திலுள்ள ஒரு வேறுபாடு. 1943-ம் ஆண்டில் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைக் கவனித்து இதைப்பற்றி எழுதினார். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணமென்று முன்னொரு காலத்தில் படித்தவர்களே சொன்னதுண்டு. அது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. ஆகையால் எந்தத் தாயையும் பழிக்காதீர்கள்.

வினா: பெரிய வகுப்பில் கஷ்டம் ஏன் மிகுகிறது?

விடை: ஆசிரியர்கள் பலர்; மாறுதல்கள் பல; இரைச்சலும் அதிகம். மயிலையில் அறுபத்துமூவர் திருவிழாவன்று மாட வீதியில் நிற்பது நமக்கு எப்படியோ, அப்படியே இடைவேளை மணி சில பிள்ளைகளுக்கு. “பாடத்தைக் கரைத்துக் குடி” என்றால், எதில் கரைப்பதென்று மெய்யாகவே திகைக்கும் பிள்ளையும் உண்டு.

வினா: ஆசிரியர் செய்யத்தக்கது யாது?

விடை: முதலாவது, அன்றைய பாட வரிசையை எழுதி மேசைமேல் ஒட்டுதல். இரண்டாவது, மாறுதலை முன்கூட்டிச் சொல்லுதல். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே கட்டளையை நேரான வார்த்தையில் கொடுத்தல். நான்காவது, கலங்கும்போது சற்று நேரம் ஒதுங்கியிருக்க அமைதியான இடம் தருதல்.

வினா: சட்டம் என்ன சொல்லுகிறது?

விடை: 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். அரசு நடத்தும் பள்ளிகளும், அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளும் இப்பிள்ளைகளைப் பேதமின்றிச் சேர்க்கவேண்டும். பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்தில் விலக்கு ஆகிய சலுகைகளையும் அச்சட்டம் குறிப்பிடுகிறது. வைத்தியச் சான்றை முன்னதாகவே பெற்று, தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பியுங்கள். பரீட்சை நெருங்கும்வரை காத்திராதீர்கள். அடையாறுக்கு அருகே கோட்டூர்புரத்திலுள்ள, 1985-ல் தொடங்கிய வித்யா சாகர் போன்ற நிலையங்களில் ஆலோசனையும் கேட்கலாம்.

அந்தப் பையன் இன்றும் அதே பள்ளியில்தான் படிக்கிறான். தாயார் மறுபடியும் போய்த் தலைமையாசிரியரோடு பேசினார்; மேசைமேல் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. அழுகை ஒரே நாளில் நிற்கவில்லை, ஆனாலும் வரவரக் குறைந்தது.

இவ்வார அப்பியாசம்: தனியே உட்கார்ந்திருக்கும் சக மாணவனைக் கேலி செய்யாமல், அவன் பக்கத்தில் அமர்ந்து சாப்பிடும்படி உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.