கறுத்த முட்டை

அன்புள்ள தம்பிக்கு,

காய்ப்புழுவை அறுத்துப் பார்த்தால் குளவி முட்டைகள் கறுத்துக் கிடந்தன, ஒரு வாரம் வீணாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். வீணில்லை, தம்பி. அந்தக் கறுப்பை இன்னொரு முறை பார். புழுவின் இரத்த அணுக்கள் முட்டையை மொய்த்து, அடுக்கடுக்காகப் படிந்து உறை கட்டியிருக்கின்றன. அதில் மெலனின் ஏறியதால்தான் கறுப்பு. உள்ளே இருப்பது செத்த முட்டை.

குளவி தானே கொட்டி இட்ட முட்டை இப்படிக் கறுப்பதில்லையே, ஏன்? நீ முட்டையைக் குளவியின் வயிற்றிலிருந்து எடுத்து, உப்புக்கரைசலில் சுத்தமாக அலசிவிட்டு ஊசியால் ஏற்றினாய். அலசிக் கொட்டிய நீரில்தான் விஷயம் போய்விட்டது.

1981இல் எட்சன், வின்சன், ஸ்டோல்ட்ஸ், சம்மர்ஸ் ஆகிய நால்வரும் உன் குளவியின் நெருங்கிய உறவான காம்போலெட்டிஸ் சோனோரென்சிஸை வைத்து இதையே செய்தார்கள். அலசிய முட்டையைப் புகையிலை மொட்டுப்புழு உறைகட்டிக் கொன்றது. குளவியின் சூலகத் திரவத்திலிருந்து பிரித்த வைரஸைச் சேர்த்து ஏற்றியபோது முட்டை தப்பியது. வைரஸைச் செயலிழக்கச் செய்து ஏற்றினால் காப்பு இல்லை. இந்த மூன்றாவது சோதனைதான் என்னை மிகவும் கவர்ந்தது. அது இல்லாவிட்டால் காத்தது வைரஸின் உயிர்ச்செயலா, வெறும் துகளா என்று சொல்லியிருக்க முடியாது.

அந்த வைரஸின் மரபணுக்கள் குளவியின் குரோமோசோமிலேயே இருக்கின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. துகள்கள் உருவாவது சூலகத்தில் மட்டும். புழுவுக்குள் போனால் அது பெருகுவதில்லை, ஆனால் அதன் மரபணுக்கள் அங்கே வேலை செய்கின்றன. இரத்த அணுக்கள் ஒட்டும் திறனை இழக்கின்றன. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதைப் படிக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆய்வேட்டில் 'குளவி புழுவின் எதிர்ப்பாற்றலை அழிக்கிறது' என்று ஒரே வரியில் எழுதிவிடாதே. மைக்ரோபிளைடிஸ் டெமோலிட்டர் குளவியின் வைரஸ் ஒருவகை அணுக்களைச் சாகடிக்கிறது, இன்னொரு வகையின் ஒட்டுதலைக் கெடுக்கிறது, மெலனின் உண்டாவதையும் தனியாகத் தடுக்கிறது. உன் குளவி இவற்றில் எதைச் செய்கிறது என்பதை நீதான் காட்ட வேண்டும்.

அடுத்த முறை அலசிய முட்டை, அலசாத முட்டை, திரவம் சேர்த்த முட்டை என்று மூன்று கூட்டம் வை. புழுக்கள் ஒரே பருவத்தில் இருக்கட்டும். கறுத்தவற்றை எறியாதே, ஸ்லைடில் வைத்துப் படமெடுத்து அனுப்பு. ஏற்றி எத்தனை மணி நேரத்தில் கறுத்தது என்பதையும் எழுது.

அன்புடன்,
அண்ணன்