இரண்டு மாதத்துக்குச் சாமான்களை எங்கே வைப்பது?

கேள்வி: நங்கநல்லூரில் பல வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதால், செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பெரும்பாக்கத்தில் நாங்கள் வாங்கியிருக்கும் ஃபிளாட்டின் சாவி நவம்பர் கடைசியில்தான் கிடைக்கும் என்கிறார் பில்டர். நடுவில் இரண்டு மாதம் தாம்பரத்தில் என் அண்ணன் வீட்டில் இருக்கப்போகிறோம். அங்கே நாங்கள் நான்கு பேரும் படுக்க இடம் உண்டு, சாமான் வைக்க இடமில்லை. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள் தங்கள் குடோனிலேயே மாத வாடகைக்கு வைத்துத் தருகிறோம் என்கிறார்கள். மாமியார் கொடுத்த பித்தளைப் பாத்திரங்கள், ஒரு தஞ்சாவூர் ஓவியம், கணவரின் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவைக்க மனசு வரவில்லை. நம்பி வைக்கலாமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: வைக்கலாம், சகோதரி. நீங்கள் ஆட்களைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு நீங்கள் சொன்ன மாதங்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. அக்டோபரும் நவம்பரும் சென்னையில் வடகிழக்குப் பருவமழை. வருஷத்திலேயே ஈரம் மிகுந்த நாட்களில் உங்கள் சாமான்கள் பூட்டிய அறைக்குள் இருக்கப்போகின்றன. அதனால் குடோன்காரர் யார் என்று விசாரிப்பதோடு நிறுத்தாமல், குடோன் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளங்களில் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தரைத்தளக் குடோன் என்றால், சாலை மட்டத்தைவிடத் தளம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அந்த இரண்டு வருஷமும் தண்ணீர் வந்ததா என்று பக்கத்துக் கடையில் கேளுங்கள். முடிந்தால் முதல் மாடியில் இடம் கேளுங்கள். சாமான்களைத் தரையில் வைக்காமல் மரப்பலகை அடுக்கின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பார்களா? கூரைத் தகரத்தில் ஒழுகிய கறை இருக்கிறதா? மூலைகளில் எலிப்புழுக்கை கிடக்கிறதா? உள்ளே போனதும் பூசணம் நாறினால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது, இந்த இரண்டு மாதக் கணக்கு. நவம்பர் கடைசி என்று பில்டர் சொன்னது டிசம்பர் நடுவுக்குத் தள்ளினால் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் பால் காய்ச்ச உங்கள் மாமியார் சம்மதிப்பாரா? பெரும்பாலான வீடுகளில் மாட்டார்கள். தை பிறந்து, நாள் பார்த்துப் போவதற்குள் ஜனவரி பாதி தாண்டிவிடும். ஆக, பில்டர் பதினைந்து நாள் தாமதித்தால் குடோனில் ஒன்றரை மாதம் கூடுகிறது. அதனால் இரண்டு மாதத்துக்குப் பேசும்போதே நான்காவது மாதம் வரை அதே வாடகை என்று எழுதி வாங்கிவிடுங்கள். பாதி மாதத்தில் எடுத்தால் முழு மாத வாடகையா, நாள் கணக்கா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் முழு மாதமாகத்தான் வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். விற்பனை ஒப்பந்தத்தில் சாவி தருவதாக எழுதிய தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டதா என்று எடுத்துப் பாருங்கள். தாண்டியிருந்தால், 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குடோன் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை மாத வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நேராகப் புது வீட்டுக்குப் போனால் சாமானை ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்குவார்கள். நடுவில் குடோன் வந்தால் இரண்டும் இரண்டு முறை. கூலியும் லாரியும் கூடும், உடைவதற்கான வாய்ப்பும் கூடும். இரண்டாவது பயணத்தின் கட்டணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். உங்கள் சாமான் அவர்களிடம் இருக்கும்போது நீங்கள் பேரம் பேச முடியாது. இரண்டு பயணமும், வாடகையும், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து மொத்தத் தொகையை இப்போதே எழுத்தில் கேளுங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு பழைய சோஃபாவையும் ஆடுகிற மேஜையையும் ஒருதரம் பாருங்கள். புது வீட்டில் வைக்கப்போவதில்லை என்றால், வாடகை கொடுத்துக் காப்பாற்ற வேண்டாம். இப்போதே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட மூன்று பொருள்கள். தஞ்சாவூர் ஓவியத்தைக் குடோனுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மக்கால் புடைப்பு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு பதித்தது அது. ஈரம் ஏறினால் பசை இளகும், பூசணம் பிடிக்கும். அண்ணன் வீட்டில் ஒரு சுவர் கேளுங்கள். மழைத்தண்ணீர் இறங்கும் வெளிச்சுவராக இல்லாமல் உள்சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.

பித்தளை அவ்வளவு பயப்படுத்தாது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவியபின் புளிப்பு துளியும் நிற்காமல் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். குத்துவிளக்கைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி அண்டாவுக்குள் வைத்துவிடலாம். களிம்பு கொஞ்சம் ஏறினாலும் தேய்த்தால் போய்விடும்.

புத்தகங்களுக்குத்தான் அதிக வேலை. பெரிய பெட்டியில் அடைத்தால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். சின்ன அட்டைப்பெட்டிகளில், அடியில் இரண்டு வரி டேப் ஒட்டி, முக்கால் பாகம் புத்தகமும் மிச்சத்துக்குத் துணியும் வையுங்கள். கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தட்டி உதறிக் காற்றாட விடுங்கள். ராமபாணப் பூச்சி இருக்கும் ஒரு புத்தகம் பெட்டி முழுவதையும் பாழாக்கும். வேப்பிலை போடுவதாக இருந்தால் சருகாகக் காய்ந்ததைப் போடுங்கள்; பச்சை இலை உள்ளே ஈரம் விடும். அடுக்கும்போது இந்தப் பெட்டிகள் அடியில் போகக் கூடாது என்று நின்று சொல்லுங்கள். கணவருக்கு மிகவும் வேண்டிய பத்துப் பதினைந்து புத்தகங்கள் அண்ணன் வீட்டுக் கட்டிலடியில் கொள்ளும்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகித் துடைத்துக் காய்ந்தபின், கதவு முழுதாக மூடாதபடி நடுவில் துணி வைத்துக் கட்டுங்கள். மூடினால் இரண்டு மாதத்தில் உள்ளே கறுத்துவிடும். வாஷிங் மெஷினிலும் கிரைண்டரிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. மெத்தையைச் சுற்றும் பிளாஸ்டிக்கை இறுக்கி ஒட்டச் சொல்லாதீர்கள், மூச்சுவிட இடம் வேண்டும். கேஸ் சிலிண்டர் குடோனுக்குப் போகவே கூடாது. இணைப்பை மாற்றுவதைப் பற்றி ஏஜென்சியில் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். நகை, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் உங்கள் கையிலோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும். தீபாவளியும் கார்த்திகை தீபமும் அண்ணன் வீட்டில்தான் என்பதால் பட்டுப்புடவையையும் அகல்விளக்கையும் மறந்து கட்டிவிடாதீர்கள்.

காகித வேலையில் சலிப்படைய வேண்டாம். பெட்டிக்கு எண் போட்டு, உள்ளே இருப்பதை எழுதி, ஏற்கெனவே உள்ள கீறல்களோடு படம் எடுத்து, அந்தப் பட்டியலில் அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். ‘வீட்டுச் சாமான் ஒரு லாட்’ என்று எழுதிய ரசீது எதற்கும் உதவாது. இன்ஷூரன்ஸ் உண்டு என்று சொன்னால், காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியைக் கண்ணால் பாருங்கள். மூவர்ஸ்காரர்கள் தாங்களே எழுதிக்கொடுக்கும் ‘ரிஸ்க் கவரேஜ்’ பாலிசி ஆகாது. பயணத்துக்கான பாலிசி, சாமான் குடோனில் கிடக்கும் இரண்டு மாதத்தையும் காக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். குடோனில் இருக்கும் காலமும், தீயோடு வெள்ளமும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

‘சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு, பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவர் அதைத் தன் பொருளைப்போல் கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தகராறு வந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 1915 என்ற உதவி எண்ணிலும் பேசலாம்.

சாமானை உள்ளே வைத்து மூன்று வாரத்தில், நல்ல மழை ஒன்று பெய்து முடிந்ததும், ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்படிப் பார்க்க அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். புது வீட்டில் இறக்கும் அன்று, ‘எல்லாம் சரியாக வந்தது’ என்ற தாளை லாரி டிரைவர் அவசரமாக நீட்டுவார். பட்டியலை எண்ணால் சரிபார்த்து, நசுங்கிய பெட்டியை அவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து, குறை இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.