எண்ணி எடுத்த இழைகள்

எடப்பாடியில் பள்ளியிறுதி வகுப்பில் பயிலும் அன்புத் தங்கைக்கு,

விசைத்தறியின் ஓசை விடியுமுன்னே தொடங்கிவிடும் ஊரில் வளரும் பிள்ளைக்குப் பாவு எது, ஊடை எது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தறியில் நீளவாக்கில் நிற்கும் நூல் பாவு என்பதும், அதனைக் குறுக்கே கடந்து துணியாக்கும் நூல் ஊடை என்பதும் எடப்பாடி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம், இளம்பிள்ளை ஆகிய ஊர்களின் வீடுகளில் எழுத்துக் கற்கும் முன்பே தெரிந்துவிடுகின்றன. ஆயினும் நெய்து முடிந்த துணி தறியிலிருந்து இறங்கிய பிறகு அதன்மேல் ஊசி செய்யும் வேலையும், குடும்ப நினைவுகளோடும் வருங்காலத்தின்மீது மனிதர் வைக்கும் நம்பிக்கையோடும் அவ்வேலைக்கு உள்ள உறவும் நெசவூர்களில்கூடப் போதிய அளவு பேசப்படுவதில்லை. துணியை மீட்டர்க் கணக்கில் விற்றுப் பழகிய கண்ணுக்கு, இரும்புப் பெட்டியின் அடியில் மடித்துக் கிடக்கும் பழந்துணி ஒன்று பொருட்டாகப் படுவதில்லை என்பது இதற்குக் காரணமாகலாம். இக்கடிதம் அத்தகைய பழந்துணிகளையும் அவற்றைத் தைத்தவர்களையும் பற்றியது.

பூத்தையல் என்பது, துணியை உருவாக்குவதற்கோ இணைப்பதற்கோ அன்றி, அதன்மேல் உருவம் எழுப்புவதற்காக ஊசியால் நூலைக் கோத்துச் செல்லும் கலை. அதில் இருவகை உண்டு. முதலாவது, துணியின்மேல் கோலத்தை வரைந்துகொண்டு அதன் வழியே தைப்பது. இன்று பள்ளிகளிலும் தையல் நிலையங்களிலும் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இதுவே. இரண்டாவது, எதையும் வரையாமல், துணியின் பாவு இழைகளையும் ஊடை இழைகளையும் கண்ணாலும் விரலாலும் எண்ணி, இத்தனை இழை விட்டு இத்தனை இழை எடுத்து என்ற கணக்கிலேயே உருவத்தைக் கொண்டுவருவது. பின்னதற்கு அச்சுப்படி கிடையாது; அதன் கணக்கு முழுவதும் தைப்பவரின் நினைவில் இருக்கிறது. ஆகவே ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறினால், நூலும் ஊசியும் துணியும் கடையில் தாராளமாகக் கிடைக்கும்போதே கலை இல்லாமற் போய்விடக்கூடும்.

அவ்வாறு இல்லாமற்போக இருந்து மீண்ட ஒரு கலையைக் காண எடப்பாடியிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டத்தின் அரூர்ப் பகுதியில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. மலையாளிப் பழங்குடியினர் மிகுதியாக வாழும் அப்பகுதியில் தாண்டா எனப்படும் லம்பாடிக் குடியிருப்புகளும் உள்ளன. லம்பாடிகள் என்போர் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு வடமேற்கு இந்தியாவிலிருந்து தக்காணம்வரை நடந்து வாணிகம் செய்தவர்களின் வழிவந்தோர். மொகலாயப் படைகளுக்கும் தக்காணத்து அரசர்களின் படைகளுக்கும் உணவுப்பொருள் கொண்டுசென்ற பெருங்கூட்டம் அவர்களுடையது. 19ஆம் நூற்றாண்டில் இரயில் பாதைகள் பரவியபோது பொதிமாட்டு வாணிகம் தளர்ந்தது. 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டங்கள் அலைந்து வாழ்ந்த பல சமூகங்களைப் போலவே இவர்களுள்ளும் பல குழுக்களைச் சந்தேகத்திற்குரியோர் ஆக்கின. அலைந்தவர்கள் நிலைத்துக் குடியேறி, அயலாரின் வேலையைச் செய்து, அயலாரின் உடையையும் உடுத்தத் தொடங்கினர்.

அவர்களுடைய பெண்களின் பழைய உடை வெறும் உடையன்று. பேட்டியா எனப்படும் பெரும் பாவாடையும், காஞ்சளி எனப்படும் முதுகு திறந்த ரவிக்கையும், தலைமேல் இடும் முக்காட்டுத் துணியும் இழை எண்ணித் தைத்த தையல்களாலும் கண்ணாடிச் சில்லுகளாலும் சோழிகளாலும் காசுகளாலும் நிறைந்தவை. கிலன், வேலே, பக்கியா, மாக்கி என ஒவ்வொரு தையலுக்கும் பெயருண்டு. ஒரு பெண்ணின் திருமண உடையைத் தைக்க மாதங்கள் போதா, ஆண்டுகள் வேண்டும். மாப்பிள்ளை யாரென்று தெரியாத காலத்திலேயே, மழை பெய்யுமா, அடுத்த ஆண்டு எந்த ஊரில் கூடாரம் என்பதும் தெரியாத நிலையிலேயே அத்தையல் தொடங்கப்பட்டது. நாளை பற்றிய உறுதி சிறிதும் இல்லாத மக்கள், நெடுங்காலம் பிடிக்கும் வேலையொன்றைத் தம் வாழ்வின் நடுவில் வைத்துக்கொண்டிருந்தனர் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. முடியும் என்று தெரிந்து தொடங்கிய வேலையன்று அது. தொடங்கியதனாலேயே முடியவேண்டும் என்று நம்பிச் செய்த வேலை.

சிட்லிங்கியில் இத்தையல் ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலம் நின்றுபோயிருந்தது. அப்பள்ளத்தாக்கில் மருத்துவர் இணையரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1990களின் தொடக்கத்தில் பழங்குடியினர் நலத் தொண்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, ஓலைக் கூரையின் கீழ் மருத்துவமனை நடத்தி வந்தனர். நோய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் நலம் வந்துவிடுவதில்லை, உழவும் வருவாயும் தன்மதிப்பும் சேர்ந்தே நலம் என்று கண்ட அவர்கள் இயற்கை வேளாண்மைக்குத் துணைநின்றதைப் போலவே, மூதாட்டியர் சிலரிடம் எஞ்சியிருந்த பூத்தையலையும் கவனித்தனர். அத்தையலை முழுமையாக அறிந்தவர்கள் அப்போது இரண்டொரு முதியோர் மட்டுமே. 2000களின் நடுப்பகுதியில் அவர்கள் இளம்பெண்கள் சிலருக்குக் கற்பிக்கத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்ததே போர்கை என்னும் கைவினைஞர் அமைப்பு. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமை என்று பொருள். பள்ளத்தாக்கில் விளையும் இயற்கைப் பருத்தி, கைத்தறித் துணி, அதன்மேல் பழைய தையல் என இன்று படுக்கை விரிப்புகளும் மெத்தையுறைகளும் பைகளும் சட்டைகளும் அங்கே உருவாகின்றன. தாண்டாவை விட்டுத் தொலைவூர்க் கூலிவேலைக்குச் செல்லாமல் பெண்கள் வீட்டிலிருந்தே பொருளீட்ட அது வழிசெய்துள்ளது.

இவ்வரலாற்றில் பெரிதும் போற்றத்தக்கது அம்மூதாட்டியரின் நினைவே. வாங்குவோர் இல்லை, உடுத்துவோர் இல்லை, கற்க வருவோரும் இல்லை. அந்நிலையிலும் இழைக்கணக்கு அவர்கள் விரல்களில் அழியாமல் இருந்தது. கற்க வந்த இளம்பெண்களுக்கும் அது விலைபோகும் என்ற உறுதி கிடையாது. இரு தரப்பினரும் தெரியாத நாளொன்றை நம்பித்தான் ஒரே துணியின் முன் அமர்ந்தனர்.

இழை எண்ணும் மரபு தமிழ்நாட்டில் இன்னோரிடத்திலும் செழித்துள்ளது. நீலகிரியின் தோடர் பெண்கள் வெண்மையான முரட்டுப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தைக்கும் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பொருளுக்கும் அது பிறந்த நிலப்பகுதிக்கும் உள்ள தொடர்பைச் சட்டப்படி உறுதிசெய்யும் அடையாளமே புவிசார் குறியீடு. தோடர்கள் துணியின் பின்புறத்திலிருந்து தைப்பதால், புறம் எது அகம் எது என்று பிரிக்க முடியாதபடி இரு பக்கமும் நேர்த்தியாக அமைகின்றன. புத்குளி எனப்படும் அப்போர்வை வாழும்போது உடுத்தப்படுவதோடு, இறந்தவரைப் போர்த்தி அனுப்பவும் பயன்படுகிறது. இறந்தோர் உலகிற்குச் செல்பவர் நல்ல தையலோடு செல்லவேண்டும் என்று கருதும் மக்களுக்கு, நம்பிக்கை இவ்வுலகின் எல்லையோடு முடிந்துவிடுவதில்லை.

பூத்தையல் அன்றாயினும், நூலால் வாழ்வை மாற்றிய கலை ஒன்று தெற்கே உண்டு. நாகர்கோவிலில் 1820களின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். ரேந்தை என்பது திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னி எடுக்கும் வலைத்துணி. நாகர்கோவில் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் 1855க்கு முன் அடிமை முறை சட்டப்படி நிலவியது; அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் ரேந்தையில் ஈட்டிய பொருளைக்கொண்டு விடுதலை பெற்றனர் என்பது அவ்வட்டார வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. மார்த்தாவின் மகளான எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அக்கலையும் உடன் சென்றது.

உறுதியற்ற நாளில் ஊசி எதற்குப் பயன்பட்டது என்பதற்கு, தமிழர்க்கு நெருக்கமான சிங்கப்பூரிலிருந்து ஒரு சான்று கூறலாம். 1942 பிப்ரவரி 15 அன்று அந்நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆண்கள் தனியே அடைக்கப்பட்டதால் கணவர் உயிரோடிருக்கிறாரா என்று மனைவிக்கோ, மனைவி உயிரோடிருக்கிறாரா என்று கணவருக்கோ தெரியவில்லை. அங்கிருந்த எத்தல் முல்வனி என்னும் கனடிய அம்மையார், மருத்துவமனைக்கு விரிப்பு தைத்தளிப்பதாகக் கூறி, பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு சதுரத் துணியில் தம் பெயரையும் விருப்பமான உருவத்தையும் தைக்க ஏற்பாடு செய்தார். தலா அறுபத்தாறு சதுரங்கள் கொண்ட மூன்று விரிப்புகள் உருவாயின. நோயாளிக் கைதிகளிடம் சென்ற விரிப்பில் மனைவியின் பெயரைக் காணும் கணவர் அவள் வாழ்வதை அறியலாம் என்பதே அவற்றுள் மறைந்திருந்த கருத்து. இன்று அவற்றுள் இரண்டு கான்பெர்ராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் ஒன்று பிரிட்டனின் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். அவர்களுள் மிகப் பலரின் பெயரைத் தாங்கிய ஒரு முழத் துணிகூட எஞ்சவில்லை. இது பெரும் இழப்பு. பெயர் தைத்த துணி எவ்வளவு பெரிய உடைமை என்பதை அவ்வெறுமையே காட்டுகிறது.

எடப்பாடியும் நம்பிக்கைக்குப் புதிய ஊரன்று. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தைப்பூசக் காவடி சுமந்து பழனிக்கு நடந்துசென்று, மலைமேல் இரவு தங்கும் உரிமையையும் பெற்ற பருவதராஜகுலத்தாரின் மரபு இவ்வூருக்குரியது. நூல் விலை ஏறினால் தறி நிற்கும் என்பதும், தறி நின்றால் வீட்டின் மாதக் கணக்கு குலையும் என்பதும் அறிந்த ஊர், அவ்வழிநடையை விடாமல் காத்து வருகிறது.

இனி, தங்கை தன் வீட்டில் செய்யத்தக்கதைக் கூறவேண்டும். அம்மாயியும் அப்பத்தாளும் உடல்நலத்தோடு இருக்கும்போதே பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு துணியையும் யார், எதற்காக, எந்த ஆண்டில் தைத்தார் என்று கேட்டு எழுதிவைத்தல் முதற்கடமை. பூத்தையல் இட்ட தலையணையுறையும் பள்ளியில் தைத்த மாதிரித் துணியும் குழந்தையின் தூளிக்குப் பயன்பட்ட சேலையும் சம மதிப்புடையவை. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்து, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவியெடுத்துக் கோலமிட்டு, பிறக்கப்போகும் குழந்தைக்கு விரிப்பாக்குவது வங்காளத்தின் கந்தா மரபு. கிழிந்த சேலையே அங்கே கலைக்கு முதற்பொருள்.

பழந்துணியை அறிய அதனைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். முடிச்சு எங்கே விழுந்தது, நூல் எங்கே தீர்ந்து வேறு நிற நூல் தொடர்ந்தது, எந்த இடத்திலிருந்து இன்னொரு கையின் தையல் தொடங்கியது என்பனவெல்லாம் பின்புறத்தில்தான் தெரியும். வெயிலும் சலவையும் படாத மடிப்பின் உள்ளே நூலின் பழைய நிறத்தைக் காணலாம். அடிக்கடி ஒட்டுப் போடப்பட்ட இடம் அத்துணி எவ்வாறு பயன்பட்டது என்பதைச் சொல்லும். இக்குறிப்புகளை முதியோர் சொன்னவற்றோடு ஒப்பிட்டால், மறந்த செய்திகள் பல அவர்கள் நினைவுக்குத் திரும்பும்.

பாதுகாப்பில் ஒரு செய்தியை நெசவூரார் சிறப்பாகக் கருதவேண்டும். பழந்துணியைச் சுற்றிவைக்கக் காடாத் துணி நல்லது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே தேக்கிப் பூஞ்சைக்கு இடமளிக்கும். ஆயினும் தறியிலிருந்து இறங்கிய காடாவில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், அது பூச்சியை அழைக்கும். ஆகவே வெந்நீரில் நன்கு அலசிக் காயவைத்த பிறகே அதனைப் பயன்படுத்த வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை துணியை எடுத்து நிழலில் காற்றாடவிட்டு, பழைய மடிப்பில் அன்றி வேறிடத்தில் மடித்துவைத்தால், மடிப்புக் கோட்டில் இழை அறுவதைத் தவிர்க்கலாம்.

கற்க விரும்புவோர்க்கு இன்று சேலம், ஈரோட்டு வட்டாரங்களில் எளிதில் கிடைப்பது ஆரிப் பயிற்சி. சட்டத்தில் இறுக்கிய துணியின் கீழிருந்து கொக்கி முனை ஊசியால் நூலை மேலிழுத்துச் சங்கிலியாகக் கோத்துச் செல்வது ஆரி. மணப்பெண் ரவிக்கைக்கு அதனைத் தைத்துப் பல பெண்கள் குடும்பம் நடத்துவதால், அது மரபன்று என ஒதுக்குவது முறையாகாது. எனினும் பிறருக்காகத் தைத்தது விற்றுப் போய்விடும்; வீட்டுக்கென ஒரு துணியேனும் தனியே தைக்கப்பட வேண்டும். தறிவீட்டுப் பிள்ளைக்கு இழை எண்ணும் தையல் எளிதில் வசப்படும். கனத்த நூலில் நெய்த, இழை தெளிவாகத் தெரியும் துணியில் நான்கு இழைக்கு ஒரு தையல் என்று தொடங்கிப் பழகலாம். ஒரு மூலையில் தைத்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் இருத்தல் வேண்டும். தமிழ் எழுத்துகளின் வளைவுக்குக் குறுக்குத் தையல் ஒத்துவராது, ணகரமும் னகரமும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். ஊசியை ஒவ்வொரு முறையும் சற்றே பின்வாங்கிக் குத்தி முன்செல்லும் பின்தையல் அவற்றுக்குப் பொருந்தும், வளைவுகளில் தையலின் நீளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் எழுத்து முறியாமல் திரும்பும்.